காலிக் கடைகளும் கைக்கு எட்டாத அட்வான்ஸும்: வாசகர் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து வாசகர்கள் சிலர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் கடைகளைக் கொஞ்ச காலத்துக்கு யாருக்காவது உபயோகமாகத் திறந்து வைப்பது பற்றி மட்டும் பேசுவோம்.

கேள்வி: கிருஷ்ணகிரி பெங்களூர் சாலையில் எங்களுக்கு ஐந்து கடைகள் கொண்ட கட்டடம் இருக்கிறது. இரண்டு கடைகள் ரொம்ப நாளாகக் காலி. வாடகையைக் குறைத்தால் மற்ற மூன்று பேரும் குறைக்கச் சொல்வார்கள் என்று அப்பா மறுக்கிறார். மாம்பழ சீசனுக்கு மட்டும் கொடுங்கள், கண்காட்சிக்கு மட்டும் கொடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கொடுத்தால் சொன்ன தேதிக்குக் காலி செய்வார்களா என்று பயமாக இருக்கிறது ஐயா.
(கட்டட உரிமையாளரின் மகள், கிருஷ்ணகிரி)

பதில்: உங்கள் அப்பாவின் இரண்டு பயங்களும் நியாயமானவைதான். ஆனால் அவை தனித்தனிப் பயங்கள், மருந்தும் தனித்தனி.

முதலில் வாடகை. மாத வாடகையைக் குறைத்து ஒருவரை நிரந்தரமாக உட்கார வைத்தால் அது அந்தக் கட்டடத்தின் விலையாகிவிடும் என்பது உண்மை. பக்கத்துக் கடைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு வருவார், நாளைக்கு வங்கியில் கடன் வாங்கப் போனாலும் அந்த வாடகையை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆனால் ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒருவர் வந்து மாம்பழமும் மாம்பழக் கூழும் விற்றுவிட்டுப் போவது வாடகைக் குறைப்பே கிடையாது. அதற்கு வேறு பெயர் வைத்து, வேறு காகிதம் எழுதி, தொகையையும் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ பேசிவிட்டால், மாத வாடகையோடு அதை ஒப்பிட்டுக் கேட்க யாருக்கும் இடமிருக்காது.

ஆஸ்திரேலியாவில் நியூகாஸில் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது, நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போனது. 1989 டிசம்பரில் அங்கே பெரிய நிலநடுக்கம், அப்புறம் 1999-இல் ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆலையும் மூடப்பட்டது. கடைத்தெரு வெறிச்சோடிப் போனது, முக்கியச் சாலைகளில் வரிசையாகப் பூட்டிய கட்டடங்கள். மார்கஸ் வெஸ்ட்பரி என்பவர் 2008-இல் 'ரினியூ நியூகாஸில்' என்ற அமைப்பைத் தொடங்கி, உரிமையாளர்களிடம் நேராகப் போய்க் கேட்டார்: உங்களுக்கு நல்ல வாடகைதாரர் கிடைக்கும் வரை இந்த இடத்தை எங்களிடம் கொடுங்கள், வாடகை தரமாட்டோம், ஆனால் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம், 30 நாள் முன்னால் சொன்னால் எழுந்து போய்விடுவோம். அவர் கட்டடம் வாங்காமல், சட்டம் மாற்றாமல் செய்த வேலை இவ்வளவுதான், ஒப்பந்தத்தின் வடிவத்தை மாற்றினார். நகை செய்பவர்கள், துணியில் அச்சடிப்பவர்கள், புகைப்படக்காரர்கள் என்று வீட்டுக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கடைத்தெருவுக்கு வந்தார்கள். ஆள் நடமாட்டம் வந்ததும் சில கட்டடங்களுக்கு வாடகைக்கே ஆள் வந்துவிட்டது. 2011-இல் பார்க்க வேண்டிய பத்து நகரங்களில் ஒன்றாக லோன்லி பிளானட் பயண வழிகாட்டி நியூகாஸிலைச் சேர்த்தது.

இப்போது இரண்டாவது பயம், காலி செய்வார்களா என்பது. இந்தப் பயம் நம் அப்பாக்கள் தலைமுறைக்கு 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்ட காலத்திலிருந்தே வந்தது. ஒருவரை வெளியேற்ற வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை என்றால் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் சாவியைக் கொடுக்கும் பழக்கத்தை இனிமேலாவது விட்டுவிடுங்கள், குறுகிய காலத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாடகைக்கு விடுவது ஒன்று, இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுப்பது வேறொன்று. 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இந்த அனுமதியைப் பற்றிப் பேசுகிறது. அனுமதி பெற்றவருக்கு இடத்தின் மேல் உரிமை எதுவும் உண்டாகாது, குறிப்பிட்ட காரியத்தைச் செய்துகொள்ளலாம், அவ்வளவே. ஆனால் காகிதத்தின் தலையில் 'அனுமதி' என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கக்கூடாது. டெல்லி ஓட்டல் ஒன்றில் முடிதிருத்தும் தொழில் செய்ய அறைகள் கொடுக்கப்பட்ட வழக்கில் 1959-இலேயே உச்ச நீதிமன்றம், காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட உண்மையில் இடம் யாருடைய கைவசம் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அனுமதி என்று எழுதியிருந்ததை வாடகை என்றே தீர்ப்பளித்தது. ஆகவே கடையை அவர் பூட்டிக்கொண்டு போக, நீங்கள் உள்ளே நுழையவே முடியாமல் போனால் அது அனுமதியாக நிற்காது. ஒரு சாவி உங்களிடம் இருக்கட்டும், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கட்டும், எழுதியபடி நடக்கவும் வேண்டும்.

காகிதத்தில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, எந்தப் பொருளுக்கு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, வேறு யாருக்கும் உள்வாடகைக்கு விடக்கூடாது, சுவரில் துளை போடக்கூடாது, இந்த முகவரியை வைத்து வேறு எந்தப் பதிவும் எடுப்பதென்றால் உங்களிடம் எழுதிக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், போகும்போது அதை ரத்து செய்ய வேண்டும் என்பதெல்லாம் வர வேண்டும். ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்ப நீட்டித்துக்கொண்டே போகாதீர்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கும். ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு முறை வரைவு எழுதி வாங்கிக்கொண்டால் அதையே அடுத்தடுத்து வருபவர்களுக்கும் பயன்படுத்தலாம். அந்தச் செலவுக்கு யோசிக்க வேண்டாம்.

இன்னொன்று. பூட்டிய கடைக்குச் செலவே இல்லை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வணிக மின் இணைப்புக்கு ஒரு யூனிட் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் வந்துகொண்டே இருக்கும், சொத்து வரி நிற்காது, ஷட்டர் துருப்பிடிக்கும், கரையான் வரும், எலி வரும், கடைவாசல் குப்பை போடும் இடமாகும், அதைப் பார்த்தே பக்கத்துக் கடைக்கு வர வேண்டியவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். உங்கள் அப்பாவிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம் மகளிர் சுய உதவிக் குழு. ராகி மாவு, சாமை முறுக்கு, நிப்பட்டு, புளி, மாங்காய் ஊறுகாய் செய்கிறோம். கிருஷ்ணகிரியில் ஒரு கடை பிடிக்கலாம் என்று போனால் அட்வான்ஸே லட்சத்தில் சொல்கிறார்கள். மாங்கனிக் கண்காட்சி நடக்கும் நாட்களை ஒட்டி இரண்டு மாதம் மட்டும் கடை கிடைத்தால் போதும். எப்படிக் கேட்பது, என்னென்ன பார்க்க வேண்டும்?
(குழு உறுப்பினர்கள் சார்பாக ஒருவர்)

பதில்: அம்மா, தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு முதன்முதலில் தொடங்கியதே 1989-இல் தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் அதே மாவட்டம், 2004-இல்தான் பிரிந்தது. அப்படிப்பட்ட மண்ணில், பொருள் செய்யத் தெரிந்த குழுவுக்குக் கடைத்தெருவில் இரண்டு மாதம் நிற்க இடமில்லை என்பது எனக்கு ஏற்கமுடியாத விஷயம். உங்களைத் தடுப்பது வாடகையல்ல, அட்வான்ஸ். மாதம் பத்தாயிரம் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள், சீசனில் அதை நீங்கள் சம்பாதித்துக் கட்டிவிடுவீர்கள். ஆனால் கடை திறக்கும் முன்னாலேயே ஒரு லட்சத்தை எங்கேயிருந்து எடுப்பது? வட்டிக்கு வாங்கினால் லாபம் முழுக்க வட்டிக்கே போய்விடும்.

அதனால் உரிமையாளரிடம் பேசும்போது வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அட்வான்ஸுக்குப் பதிலாக இரண்டு மாதத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிடுகிறோம், அதோடு சேதத்துக்கு ஈடாக ஒரு சிறு தொகையும் வைக்கிறோம் என்று கேளுங்கள். ஏமாறும் பயம் அவருக்கும் குறையும், உங்களுக்கும் தூக்க முடிகிற தொகையாக இருக்கும். சும்மா கிடக்கும் கடையை வெள்ளையடித்துக் கூட்டிப் பெருக்கித் தருகிறோம் என்று சொன்னால் இன்னும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கடை கிடைத்ததும் முதல் நாளே மின்மீட்டரைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள், முடிக்கும் நாளிலும் அதேபோல். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்ற சண்டை இங்கேதான் வரும். இணைப்பு வணிக இணைப்புதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் உண்டு.

உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்டையும் வெளியே வைக்காதீர்கள். சிறு அளவில் செய்பவர்களுக்கான பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு நூறு ரூபாய்தான், ஆன்லைனிலேயே செய்யலாம். பாக்கெட்டில் என்ன கலந்திருக்கிறது, எடை, செய்த தேதி, விலை, உங்கள் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதானால் முத்திரை வைத்த தராசு. எண்ணெய்ச் சட்டியைக் கடைக்குள் வைக்காமல் ஊரிலேயே பொரித்துக் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு ஷட்டர் வழிதான் இருக்கும் கடைக்குள் அடுப்பும் சிலிண்டரும் கூடாது, எந்த உரிமையாளரும் அதற்குச் சம்மதிக்கவும் கூடாது.

என் பங்குக்கு ஒரு யோசனை. மாங்காய் முடிந்ததும் கடையை விட்டுவிட்டு, புளி வரத்து இருக்கும் மாசி, பங்குனியில் மறுபடி இரண்டு மாதத்துக்குப் பேசுங்கள். வருஷம் முழுக்க ஒரு கடையைத் தாங்குவதைவிட உங்கள் சரக்கு இருக்கும்போது மட்டும் ஊருக்குள் வருவது உங்களுக்கு ஏற்றது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வாரத்தில் ஒரு நாள் போய்வருகிறோம் இல்லையா, சந்தை முறை என்பதே இடத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்துவதுதான். நமக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய சங்கதி இல்லை இது.

அப்புறம் மாவட்டத் தலைநகரங்களில் குழுக்களுக்காகவே அரசு கட்டிய பூமாலை வணிக வளாகத்தில் இடம் இருக்கிறதா என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் முதலில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டில் இடம் இல்லை. தருமபுரியில் நூலகத்தில் இடம் நிறைந்துவிடுகிறது. பென்னாகரம் சாலைப் பக்கம் எத்தனையோ மாடிகள் காலியாக இருக்கின்றன. அதில் ஒன்றைப் படிப்பறையாக யாராவது தருவார்களா? நாங்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம், பணம் அதிகம் இல்லை.
(தேர்வர், தருமபுரி)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முதலில் நடக்க வேண்டும் என்று பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக இருந்தது தருமபுரி. அந்த மாவட்டத்தில் படிக்க உட்கார இடம் கேட்டு ஒரு பிள்ளை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் மாடி, இரண்டாம் மாடிக் கடைகளுக்கு நம் ஊர்களில் ஆள் கிடைப்பதே கஷ்டம். வாடிக்கையாளர் படி ஏறமாட்டார் என்று எந்த வியாபாரியும் எடுப்பதில்லை. ஆனால் படிப்பவர்களுக்கு மாடிதான் வேண்டும், தெருச் சத்தம் குறைவு, யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஆக உரிமையாளருக்குத் தேவையில்லாத இடமும் உங்களுக்குத் தேவையான இடமும் ஒன்றாகவே இருக்கிறது. மேசை நாற்காலி, டியூப் லைட், மின்விசிறி, குடிதண்ணீர் இருந்தால் போதும். கழிப்பறை இருக்கிறதா என்பதை மட்டும் கட்டாயமாகப் பாருங்கள், பெண் பிள்ளைகள் வருவதும் வராததும் அதை வைத்துத்தான்.

கேட்கிற முறை முக்கியம். பத்துப் பேரும் கூட்டமாகப் போய் நிற்காமல், உரிமையாளருக்குத் தெரிந்த ஒரு பெரியவரை, ஓய்வு பெற்ற ஆசிரியரோ வணிகர் சங்கத்தில் இருப்பவரோ, முன்னிறுத்திக்கொண்டு இரண்டு பேர் போங்கள். காகிதம் அந்தப் பெரியவர் பெயரில் இருக்கட்டும். ஆளுக்கு மாதம் ஒரு சிறு தொகை போட்டால் கரண்ட் பில்லும் கூட்டிப் பெருக்கும் செலவும் அடங்கிவிடும். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுவது, யார் பொறுப்பு என்று முறை வைத்துக்கொள்வது, படிக்கட்டில் வண்டியோ செருப்பு மலையோ இல்லாமல் வழி விட்டு வைப்பது, வெளியாட்களைச் சேர்த்துக்கொண்டே போகாமல் நாற்காலி எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வது, இதையெல்லாம் நீங்களே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் உரிமையாளருக்கு நம்பிக்கை வரும். தேர்வு அறிவிப்பு வந்த நாளிலிருந்து தேர்வு முடியும் வரை என்று தெளிவான முடிவுத் தேதி இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். இவர்கள் இங்கேயே குடியேற வரவில்லை என்பது அவருக்கே தெரியும்.

பெரிய அளவிலும் இது நடக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. கொச்சியில் கடலோரமாகக் கிடந்த ஆஸ்பின்வால் ஹவுஸ் என்ற பழைய வியாபார நிறுவனத்தின் வளாகத்தையும், ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பக்கத்துப் பழைய கிடங்குகளையும் சில மாதங்களுக்கு மட்டும் திறந்து வைத்துத்தான் 2012 டிசம்பர் 12-இல் கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியைத் தொடங்கினார்கள். மிளகும் இஞ்சியும் அடுக்கி வைத்திருந்த இடங்களில் இன்று உலகம் முழுவதிலிருந்தும் வந்து படம் பார்க்கிறார்கள். நம் பக்கம் தெருக்கூத்துக் கலைஞர்களின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பலகையையும் ஒரு காலிக் கடையில் பத்து நாள் வைத்து, மாலையில் ஒரு மணி நேரம் வேஷம் கட்டுவதைக் காட்டினால் பார்க்கிற கூட்டத்துக்குக் குறைவிருக்காது. படிப்பறை அமைந்த பிறகு அதையும் யோசியுங்கள்.

கேள்வி: நான் இருபது வருஷமாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன். அட்வான்ஸ், வாடகை, வரி, ஆள் சம்பளம் எல்லாம் கொடுக்கிறேன். பக்கத்துக் காலிக் கடையில் ஆடி மாதம் பத்து நாளைக்கு வெளியூர்க்காரர் வந்து பாதி விலை என்று தட்டி வைத்து விற்றுவிட்டுப் போகிறார். இதைத்தான் நீங்கள் ஆதரிக்கிறீர்களா?
(ஜவுளி வியாபாரி, தருமபுரி)

பதில்: இல்லை, இதை ஆதரிக்கவில்லை. உங்கள் கோபம் சரியானது. தற்காலிகக் கடை என்பது தெருவில் இல்லாத ஒன்றைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும், இருக்கிற கடையின் வயிற்றில் அடிக்கக்கூடாது. உரிமையாளர்கள் காகிதம் எழுதும்போதே அந்தக் கட்டடத்திலும் இரு பக்கத்திலும் ஏற்கெனவே விற்கும் பொருளை விற்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வணிகர் சங்கமே காலிக் கடைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு யாருக்கு எதற்குக் கொடுப்பது என்று உரிமையாளர்களோடு பேசினால் இன்னும் நல்லது. நீங்கள் எதிர்க்கட்சியாக நிற்பதைவிட அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருப்பது உங்களுக்கு லாபம். தையல் பழகும் பெண்கள், சேலைக்குக் குஞ்சம் கட்டுபவர்கள், ஆரி வேலை செய்பவர்கள் பக்கத்துக் கடையில் இரண்டு மாதம் உட்கார்ந்தால் உங்கள் துணி விற்பனைதான் கூடும்.

தீபாவளி பட்டாசுக்குக் காலிக் கடையைக் கொடுக்கலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். முறையான உரிமமும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் இல்லாமல், அதுவும் மேலே வீடுகள் இருக்கும் கட்டடத்தில், கொடுக்கவே கூடாது. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். பத்து நாள் வாடகைக்காக அந்த ஆபத்தை யாரும் எடுக்க வேண்டாம்.

கேள்வி: தனியாரை விடுங்கள், பேருந்து நிலையங்களிலும் நகராட்சி வளாகங்களிலும் பூட்டிக் கிடக்கும் கடைகளை இப்படிக் கொடுத்தால் என்ன?
(சமூக ஆர்வலர், கிருஷ்ணகிரி)

பதில்: கொடுக்கலாம், ஆனால் பொதுச் சொத்து என்பதால் ஏல முறையைத் தாண்டி அதிகாரி ஒருவர் தன் இஷ்டத்துக்குக் கொடுத்துவிட முடியாது, கொடுக்கவும் கூடாது. பல தடவை ஏலம் விட்டும் யாரும் எடுக்காத கடைகளை மட்டும், நாள் கட்டணத்துக்கு, குழுக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சுழற்சி முறையில் தருவதற்கு அரசிடம் அனுமதி கேட்டு நகர்மன்றத்தில் தீர்மானம் போடச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுங்கள். பிரிட்டனில் உல்வொர்த்ஸ் என்ற பழைய கடைத்தொடர் திவாலாகி 2009 தொடக்கத்துக்குள் அதன் 800-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டபோது, காலிக் கடைகளைக் கலைக்கும் கற்றலுக்கும் திறந்துவிட அந்த அரசே உள்ளாட்சிகளுக்கு 30 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. இங்கே அவ்வளவுகூட வேண்டாம், பூட்டைத் திறந்து பெருக்கிக் கொடுத்தாலே போதும்.

கேள்வி: நானே கொடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் போனது. நடுவில் நிரந்தர வாடகைக்கு ஆள் வந்துவிட்டார். பாதியில் போகச் சொல்வது பாவமாக இருக்கிறது.
(கடை உரிமையாளர், காவேரிப்பட்டணம்)

பதில்: பேசிய தேதி முடிய எவ்வளவு நாள் இருக்கிறது என்று பாருங்கள். இருபது, முப்பது நாள்தான் என்றால் புதியவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். கடைக்கு வண்ணம் அடிக்க, மரவேலை செய்ய, அவருக்கும் அந்த அவகாசம் வேண்டியிருக்கும். நாள் அதிகமிருந்தால் முன்னறிவிப்பு கொடுத்து, அவர் கட்டிய முன்தொகையில் மீதியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். அச்சடித்த நோட்டீஸுக்கு அவர் செலவழித்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ வேறு காலிக் கடை இருந்தால் அதைக் காட்டிவிடுங்கள், நியூகாஸிலில் ஓர் இடம் போனால் இன்னோர் இடத்துக்கு மாற்றிவிடும் வேலையையும் அந்த அமைப்பே பார்த்தது. அதுவே 2019-இல் தன் வேலையை முடித்துக்கொண்டது.